கிரியா, ரெட்டியா? ஒரு பழைய சண்டை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமன் மகனின் பேத்தி. எனக்கும் பேத்தி முறைதான். தமிழ் நன்றாகப் பேசுவாள், நடுவில் கொஞ்சம் பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். 2027-இல் அங்கே ஜனாதிபதித் தேர்தல். அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு.

"தாத்தா, எங்க கட்சி யாரை நிறுத்தணும்னு ஒரே சண்டை. முழு இடதுசாரியா ஒருத்தர் வேணும்னு என் சிநேகிதங்க சொல்றாங்க. நடுவில இருக்கறவங்களும் ஓட்டுப் போடற மாதிரி மிதமான ஆள் வேணும்னு அப்பா சொல்றாரு. நீங்க சொல்லுங்க, எவ்வளவு இடது இருந்தா சரியா இருக்கும்?"

கடலூரில் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு பி.பி. மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு ரிட்டையர்டு குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது? "ரெண்டு நாள் கொடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதே கேள்விக்காக 1969-இல் நானும் என் அப்பாவும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள்.

முதலில் எங்கள் குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கடலூர் ஓ.டி.யில் மளிகைக் கடை. அம்மா பிறந்தது புதுச்சேரி. அந்தக் காலத்தில் கடலூர் இங்கிலீஷ்காரன் ஊர், புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊர். நடுவில் இருப்பது இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். மாமா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து இந்தோசீனா வரை போய்வந்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா கல்யாணமாகிக் கடலூருக்கு வந்துவிட்டதால் நாங்கள் இந்தியர்கள்.

மாமா வீட்டில் தங்கித்தான் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன். படித்த பையனுக்குக் கப்பலேற வழி பிறக்கும் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். வழி பிறக்கவில்லை. பிரெவே முடித்ததும் அப்பா என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.யு.சி., அப்புறம் பி.ஏ. பொருளாதாரம். இங்கிலீஷில் பாடம் கேட்டு பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் திணறிய வருடங்கள் அவை.

1969-க்கு வருகிறேன். ஏப்ரல் 28-ஆம் தேதி பிரான்ஸில் தெகோல் ராஜினாமா செய்தார். மே 3-ஆம் தேதி இங்கே டாக்டர் ஜாகிர் உசேன் பதவியிலேயே காலமானார். ஒரே வாரத்துக்குள் இரண்டு தேசத்து ஜனாதிபதி நாற்காலியும் காலி. மாமா வீட்டு ரேடியோவுக்கு அன்றைக்கு ஓய்வே இல்லை.

பிரான்ஸில் ஜூன் 1-ஆம் தேதி முதல் சுற்று. சோஷலிஸ்டுகள் நிறுத்தியது கஸ்தோன் தெஃபெர் என்பவரை. மிதவாதி, நடுவில் இருப்பவர்களுக்கும் பிடித்தவர் என்று கணக்குப் போட்டு நிறுத்தினார்கள். அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஐந்து. கம்யூனிஸ்ட் கட்சியின் துய்க்லோ 21 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். ஆனாலும் இரண்டாம் சுற்றுக்குப் போனவர்கள் தெகோலின் ஆளான பொம்பிதூவும், நடுப்பக்கத்துப் பொஏரும். இரண்டு பேரில் யாருக்கும் ஓட்டுப் போடாதீர்கள் என்று துய்க்லோ சொல்லிவிட்டார். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. மாமா தெகோல் பக்தர். "பாத்தியா மாப்ளே, உங்க ஆளுங்க நடுவுக்கு வந்தா சொந்தக்காரனே கண்டுக்க மாட்டான். ஓரமா நின்னா ஊர்க்காரன் வரமாட்டான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயது. பாதி கார்ல் மார்க்ஸ், மீதி டீக்கடை.

இங்கே ஜூலையில் சூடு பிடித்தது. பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு, இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. காமராஜர், நிஜலிங்கப்பா முதலிய பெரியவர்கள் அந்தப் பக்கம். பத்திரிகைகள் அவர்களை சிண்டிகேட் என்றன, வலதுசாரி என்றன. ஜூலை 19-இல் 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அப்போது பொறுப்பு ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரி. மறுநாளே அவர் ராஜினாமா செய்து சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். ரயில்வே தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட பழைய தொழிற்சங்கத் தலைவர். கம்யூனிஸ்டுகளும் தி.மு.க.வும் அவருக்கு ஆதரவு. மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னார். மூன்றாவதாக சி.டி. தேஷ்முக். ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் அவரை நிறுத்தின.

பொருளாதாரம் படிக்கிற பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சிதம்பரம் ரயிலடி டீக்கடையில் ரயில்வே ஆட்களோடு சேர்ந்து நாங்களும் ஓட்டுக் கணக்குப் போட்டோம், எங்களுக்கு ஓட்டே இல்லை என்பதை மறந்து. ஆகஸ்ட் 16 தேர்தல். 20-ஆம் தேதி எண்ணிக்கை. முதல் விருப்ப ஓட்டில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மயிரிழைதான். தேஷ்முக்குக்குப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாவதாக ரெட்டியைக் குறித்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஊருக்கு வந்தேன். கீழவீதியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவன், நேரே கடைக்குப் போய், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த காமராஜர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். "எதுக்கு தம்பி?" என்று கேட்டவர்களிடம் "இடதுசாரி ஜெயிச்சாச்சு" என்றேன். அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"பள்ளிக்கூடத்துல சோறு போட்டவரை வலதுசாரிங்கறியா நீ?"

எனக்குப் பதில் இல்லை. இருந்தாலும் விடவில்லை. காமராஜர் நல்லவர்தான், ஆனால் அவர் நிறுத்திய ஆள் பணக்காரர்கள் பக்கம் என்றேன். அப்பா சொன்னார்:

"உன் ஆளு இடதா வலதாங்கறது இருக்கட்டும்டா. நாளைக்கு அந்த அம்மா ஒரு காகிதத்தை நீட்டினா, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுவாரா? அதைச் சொல்லு."

"ஜனங்களுக்கு நல்லதுன்னா படிக்காமலே போடலாம்ப்பா" என்றேன்.

அப்பா தராசுத் தட்டைக் கீழே வைத்தார். உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் தீபாவளிக்கு வந்தபோதும் "அவனுக்கு எண்ணெய் வெச்சியா" என்று அம்மாவிடம் கேட்டாரே தவிர என்னிடம் பேசவில்லை. நவம்பரில் இந்திரா காந்தியைக் கட்சியை விட்டு நீக்கினார்கள், காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. எங்கள் வீட்டில் அது ஆகஸ்டிலேயே உடைந்துவிட்டது.

ஒரு விஷயம் அப்போது எனக்குத் தெரியவில்லை. 1964-இல் புவனேசுவரம் காங்கிரஸில் ஜனநாயக சோஷலிசமே நம் பாதை என்று தீர்மானம் போட்டபோது கட்சித் தலைவர் யார் தெரியுமா? காமராஜர்தான். சஞ்சீவ ரெட்டி அதே வருடம் ஆந்திர முதல்வர் பதவியிலிருந்து விலகியது எதனால்? தனியார் பஸ் தடங்களை அரசுடைமையாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன கருத்துக்களால். வலதுசாரி என்று நான் மைசூர்பாகு கொடுத்துக் கொண்டாடித் தோற்கடித்த மனிதர், பஸ்ஸை அரசுடைமை ஆக்கப் போய்ப் பதவி இழந்தவர். பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருந்திருக்கிறேன், மளிகைக் கடைக்காரர் மகன்.

கிரி ஜனாதிபதியாக இருந்த காலத்தில்தான், 1973-இல், மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். காகிதம் வந்தது, கையெழுத்து ஆனது. 1974-இல் பக்ருதீன் அலி அகமது வந்தார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டபோது மந்திரிசபை கூடியிருக்கவே இல்லை. மந்திரிகளுக்கு மறுநாள் விடிந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் போய்விட்டார். அப்பா கடையை மூன்று நாள் திறக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் அவர் 1969-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி சொல்லப்போவதை இதுவரை வீட்டார் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1976. நான் வருவாய்த் துறையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மாவட்டத்தில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வாய்க்கால் புறம்போக்கில் இருக்கும் குடிசைகளை அகற்றும் கோப்பு என் மேசைக்கு வந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடிசைக்கும் ஸ்தல தணிக்கை அறிக்கை இருக்கவேண்டும். இல்லை. "இன்னிக்கே மேலே போகணும், போட்டு அனுப்பு" என்றார் மேலதிகாரி. நெருக்கடி நிலைக் காலம். எல்லோருக்கும் பயம், எனக்கும்தான். "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி சுருக்கொப்பம் வைத்தேன். பட்டியலைப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பாட்டி வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டாவை எடுத்து என் மேசைமேல் விரித்தார். அவருடைய இடம் புறம்போக்கே இல்லை. பக்கத்து சர்வே எண். வீடு ஏற்கெனவே தரைமட்டம் ஆகியிருந்தது. "நீங்கதான் பாத்து எழுதினீங்களாமே சாமி" என்றார். கோபமாகக்கூட இல்லை, கேள்வியாகத்தான் கேட்டார்.

அப்போதும் நான் என்னை இடதுசாரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழைகள் பக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் கடலூர் வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"படிச்சியா?"

"படிக்கலப்பா."

"சரி, சாப்பிடு."

அவ்வளவுதான். மைசூர்பாகு அன்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாட்டிக்கு மாற்று இடம் வாங்க மூன்று வருஷம் ஆயிற்று. அந்தக் கோப்பை நானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் எந்த ஜனாதிபதியானாலும் நான் பார்ப்பது ஒன்றுதான். படிக்கிறாரா, திருப்பி அனுப்புகிறாரா? 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், மந்திரிசபையின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்ப ஜனாதிபதிக்கு இடம் கொடுக்கிறது. எங்கள் ஆபீஸ் மொழியில், குறிப்புரையுடன் கோப்பைத் திருப்புதல். 1997-இல் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி வேண்டும் என்று மத்திய அரசு கேட்டபோது கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அரசும் விட்டுவிட்டது. இடதுசாரிகள் உட்பட கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் சேர்ந்து தேர்ந்தெடுத்த மனிதர் அவர்.

2002-இல் மறுபடியும் இரண்டு தேசத்திலும் ஒரே வருஷத்தில் தேர்தல். ஏப்ரல் 21 இரவு பாரிஸிலிருந்து என் மச்சான், அதாவது மாமா மகன், போன் செய்தான். குரலே சரியில்லை. சோஷலிஸ்ட் வேட்பாளர் ஜோஸ்பேன் முதல் சுற்றிலேயே வெளியே. லெ பென் 16.86, ஜோஸ்பேன் 16.18. தன்னுடைய திட்டம் சோஷலிசத் திட்டம் அல்ல என்று ஜோஸ்பேன் தேர்தலுக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். நடுவில் இருப்பவர்களைப் பிடிக்கத்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சின்னக் கட்சிக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் சுற்றில் ஜோஸ்பேனுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து மச்சானும் முதல் சுற்றில் தொபிராவுக்குப் போட்டிருந்தான். இரண்டாம் சுற்றில் வேறு வழியில்லாமல் ஷிராக்குக்குப் போட்டான். புதுச்சேரியில் எண்பதைத் தாண்டியிருந்த மாமா, "கடைசில என் கட்சிக்கு வந்துட்டான் பாரு" என்று சொல்லிவிட்டுப் பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். லெ பென் பெயர் அவருக்கும் பிடிக்காது.

அந்த ஜூலையில் இங்கே அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் கேப்டன் லட்சுமி செகாலை நிறுத்தினார்கள். நேதாஜி படையில் பெண்கள் பிரிவை நடத்தியவர், சென்னையில் பிறந்த டாக்டர், கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். முழு இடதுசாரி என்றால் இவரைவிட யார்? கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. தோற்போம் என்று தெரிந்தே, சொந்த முகத்தைக் காட்டுவதற்காக நிறுத்தினார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான், தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து வருஷம் கழித்து, 2012-இல், பிரணாப் முகர்ஜி விஷயத்தில் மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்தது, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஓட்டே போடவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பதில்.

கலாம் இடதும் இல்லை, வலதும் இல்லை என்றார்கள். 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு நள்ளிரவில் ஒப்புதல் கொடுத்தார். அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் பின்னால் சொன்னது. அடுத்த வருஷமே ஆதாயப் பதவி மசோதாவைக் கையெழுத்திடாமல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். அதே மனிதர், அதே பேனா. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பேத்திக்குப் போன் போட்டேன்.

"நம்ம ஊர் ஜனாதிபதி கையெழுத்துப் போடறவர், உங்க ஊர் ஜனாதிபதி ஆட்சி பண்றவர். அதனால உங்க ஊர்ல அவர் எந்தப் பக்கம்னு கேக்கறது நியாயம்தான்" என்று ஆரம்பித்தேன். "ஆனா எவ்வளவுங்கறதுக்கு அளவு கிடையாதும்மா. உங்க கட்சி 2017-ல இடது பக்கத்து அமோனை நிறுத்துச்சு, ஆறு சதவீதம் சொச்சம். 2022-ல மிதமான இதால்கோ, ரெண்டு சதவீதம்கூட இல்லை. அந்த ரெண்டு தடவையும் உங்க கட்சி ஆளுங்க பாதிப் பேர் மெலான்ஷோன் கிட்டயோ மக்ரோன் கிட்டயோ போயிட்டாங்க. 1981-ல மித்தெரான் ஜெயிச்சாரு. கம்யூனிஸ்டுக்குப் போட்டவனும் ரெண்டாம் சுற்றுல மனசாரப் போட்டான், நடுவுல இருந்தவனும் பயப்படாம போட்டான். ஜெயிச்சு வங்கியை அரசுடைமை ஆக்கினாரு. ரெண்டே வருஷத்துல சிக்கனம்னு திரும்பிட்டாரு."

"அப்ப யாரை நிறுத்தறது தாத்தா?"

"சொந்தக்காரன் வெட்கப்படாம ஓட்டுப் போடற அளவுக்கு இடது இருக்கட்டும். அது போதும். அதுக்கு மேல ஒரு கேள்வி கேளு. உன் சொந்தக் கட்சியே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், எதுல கையெழுத்துப் போடமாட்டீங்கன்னு கேளு. அதுக்கு நேரா பதில் சொல்றவங்க யாரோ, அவங்க."

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. 1976 கதையை அவளிடமும் சொல்லியிருந்தேன். பிறகு கேட்டாள்: "தாத்தா, அந்தப் பாட்டி கோப்புல நீங்க என்ன எழுதியிருக்கணும்?"

ஐம்பது வருஷமாக என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எழுதவேண்டிய வரி எனக்கு அன்றைக்கே தெரியும்.

"'ஸ்தல தணிக்கை அறிக்கை இணைக்கப்படவில்லை. கோப்பு திருப்பி அனுப்பப்படுகிறது.' ரெண்டே வரிம்மா."

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான். எழுதியிருந்தால் மெமோ வந்திருக்கலாம், மாற்றல் வந்திருக்கலாம். பாட்டியின் வீடு இருந்திருக்கும்.

1969-இல் உங்கள் வீடுகளிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும், அன்பர்களே. கிரி பக்கமா, ரெட்டி பக்கமா என்று யாராவது சாப்பிடாமல் எழுந்து போயிருப்பார்கள். நினைவிருந்தால் எழுதுங்கள்.